பச்சிளம் குழந்தையின் உடலில் கத்தி வைக்கலாமா?

கருவறைகளில் தான் நாடியவாறு மனிதர்களுக்கு உருவம் அமைப்பவன் தானே என்று, எல்லாம் வல்ல அல்லாஹ் திருமறையின் ஆல இம்ரான் அத்தியாயத்தில் (3:6) தன்னை நமக்கு அறிமுகப்படுத்துகின்றான். ஹஜ் அத்தியாயத்தில் (22:5) கருவின் படித்தரங்களை விவரிக்கும்போது, முழுமையாக உருவமைக்கப்பட்டதும் உண்டு, முழுமை பெறாததும் உண்டு என்று குறிப்பிடுகின்றான். நிறைவும் அவன் நாட்டம். குறைவும் அவன் நாட்டம். இதில் முஃமினுக்கு ஐயமில்லை.

ஐயம் எழுவது வேறிடத்தில். பிறந்த ஆண் குழந்தையின் மறைவிடத்தில் ஒரு குறை காணப்படுகின்றது. விரைப்பையில் இருக்க வேண்டிய விரை அங்கே இல்லை. அல்லது இருக்கக் கூடாத இடத்தில் இருக்கின்றது. டாக்டர் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார். வீட்டிலுள்ள பெரியவர்களோ, “அல்லாஹ் படைத்ததில் கை வைக்கலாமா? வளர வளரச் சரியாகிவிடும். பால்குடி மாறாத பிள்ளையைக் கத்திக்குக் கொடுப்பதா?” என்கிறார்கள். தாயும் தகப்பனும் இரண்டுக்கும் நடுவில் நின்று தவிக்கிறார்கள். குழந்தைக்கோ பேச வாயில்லை.

இப்படிப்பட்ட விஷயத்தை மாத இதழில் எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். மார்க்கத்தை அறிந்துகொள்வதற்கு வெட்கத்தைத் தடையாக ஆக்கிக்கொள்ளாத அன்சாரிப் பெண்மணிகளை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்து கூறியதை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். வெட்கம் ஈமானின் ஒரு கிளைதான். ஆனால் ஒரு குழந்தையின் நலன் கெட்டுப்போகும் அளவுக்கு வாயை அடைத்துவிடுவது வெட்கமல்ல, பலவீனம்.

குறையின் தன்மை என்ன?

மார்க்கத் தீர்ப்புக்கு முன்னால் விஷயத்தின் உண்மை நிலை தெரிய வேண்டும். ஒரு பொருளைப் பற்றி எந்தக் கருத்து கொள்ளப்படுகிறதோ அதைச் சார்ந்துதான் அதன் மீதான தீர்ப்பும் அமையும் என்பது மதரஸாக்களில் நாம் படித்த பாடம்.

விரைகள் கருவில் முதலில் உருவாவது குழந்தையின் வயிற்றுக்குள், சிறுநீரகங்களுக்கு அருகே. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் அவை அரையிடுக்கு வழியாக மெல்ல இறங்கி விரைப்பையை வந்தடைகின்றன. நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு 3 பேருக்கு ஒரு விரையாவது இறங்காமல் இருக்கும். குறைமாதக் குழந்தைகளிடம் இது நூற்றுக்கு 30 வரைகூடக் காணப்படுகின்றது. இவர்களில் பலருக்கு முதல் சில மாதங்களிலேயே அது தானாக இறங்கிவிடும். ஒரு வயதில் நூற்றுக்கு ஒரு குழந்தையிடம்தான் குறை எஞ்சியிருக்கும். ஆக, “வளரச் சரியாகும்” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. அந்த உண்மை ஆறு மாதத்தோடு ஏறக்குறைய முடிந்துவிடுகின்றது. அதன் பிறகு தானாக இறங்குவது மிக அரிது.

இதைவிட மிக அபூர்வமான வகைகளும் உண்டு. சில குழந்தைகளுக்கு விரை பாதை தவறி, தொடையிலோ, விரைப்பைக்கும் மலவாய்க்கும் இடைப்பட்ட பகுதியிலோ போய்த் தங்கிவிடும். சிலருக்கு இரண்டு விரைகளும் ஒரே பக்கத்து வழியாக இறங்கி, ஒரு பக்கம் இரட்டையாகவும் மறுபக்கம் வெறுமையாகவும் இருக்கும். சிலர் மூன்று விரைகளுடன் பிறப்பதும், சிலர் ஒன்றுமே இல்லாமல் பிறப்பதும் மருத்துவ நூல்களில் பதிவாகியுள்ளன.

இதற்குச் செய்யப்படும் சிகிச்சை புதுமையானதன்று. எடின்பரோ நகரில் தாமஸ் அனன்டேல் என்ற சர்ஜன், இவ்வாறு பாதை தவறிய ஒரு குழந்தையின் விரையை 1877ஆம் ஆண்டிலேயே உரிய இடத்தில் கொண்டுவந்து பொருத்தினார். 1959ல் ஃபவுலர், ஸ்டீஃபன்ஸ் என்ற இரு மருத்துவர்கள், வயிற்றுக்குள் மிக உயரத்தில் தங்கிவிட்ட விரையை, இரத்தக் குழாய் எட்டாத நிலையிலும் இறக்கும் முறையை வெளியிட்டார்கள். இன்று அது பெரும்பாலும் சிறு துளைகள் வழியாகக் கருவி செலுத்தி, சுமார் ஆறு மாத இடைவெளியில் இரு கட்டமாகச் செய்யப்படுகின்றது. இவர்களுக்கெல்லாம் பல நூற்றாண்டுகள் முன்பே, குர்துபாவைச் சேர்ந்த நம் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி (மறைவு சுமார் 1013) தமது “அத்தஸ்ரீஃப்” நூலின் அறுவைப் பகுதியில், சிறுநீர் துவாரம் அடைபட்டுப் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்கும், குன்ஸாக்களுக்கும் உரிய சிகிச்சையை எழுதி வைத்துள்ளார்கள். குழந்தைகளின் இத்தகைய குறைகளுக்கு அறுவை செய்வது முஸ்லிம் உலகம் அறியாத ஒன்றல்ல.

இது படைப்பை மாற்றுவதா?

அந்நிஸா அத்தியாயத்தில் (4:119), அல்லாஹ்வின் படைப்பை மாற்றும்படி மனிதர்களை ஏவுவேன் என்று ஷைத்தான் சபதமிட்டது கூறப்படுகின்றது. பெரியவர்கள் அஞ்சுவது இந்த வசனத்தைத்தான். அந்த அச்சம் மதிப்பிற்குரியது. ஆனால் வசனத்தை ஹதீதுகளின் வெளிச்சத்தில் விளங்க வேண்டும்.

அழகுக்காகப் பற்களை அராவி இடைவெளி உண்டாக்கிக்கொள்ளும் பெண்களைச் சபிக்கும் ஹதீதை இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கிறார்கள். அதில் ‘அழகுக்காக’ என்ற நிபந்தனை இருப்பதைச் சுட்டிக்காட்டி, சிகிச்சைக்காகவோ ஒரு குறையை நீக்கவோ செய்தால் தடையில்லை என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் முஸ்லிம் விரிவுரையில் விளக்குகின்றார்கள். ஜாஹிலிய்யாக் காலத்துக் குலாப் யுத்தத்தில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) என்ற தோழர் வெள்ளியால் மூக்குச் செய்து அணிந்தார். அது துர்நாற்றம் வீசியது. தங்கத்தில் செய்துகொள்ளும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே பணித்தார்கள் என்று அபூதாவூதிலும் திர்மிதீயிலும் காண்கின்றோம். ஆண்களுக்கு ஹராமான தங்கமே ஒரு குறையைச் சரிசெய்வதற்காக அனுமதிக்கப்பட்டது! உஹதுக் களத்தில் கதாதா (ரலி) அவர்களின் கண் வெளியே வந்து தொங்கியபோது, அண்ணலார் தமது திருக்கரத்தால் அதை மீண்டும் அதன் இடத்தில் வைத்ததைச் சரித்திர நூல்கள் கூறுகின்றன. அது முஃஜிஸா, நமது கை வேலையல்ல. ஆயினும் இடம் மாறிய உறுப்பை இடத்தில் சேர்ப்பது படைப்பை மாற்றுவதாகாது என்பதற்கு அதில் ஒரு படிப்பினை இருக்கவே செய்கின்றது.

விரை இறங்க வேண்டிய இடம் விரைப்பை. அந்த இடத்தையும், இறங்கும் பாதையையும் அமைத்தவன் அல்லாஹ். வழியில் தடைபட்டு நின்றதை அவன் அமைத்த இடத்திற்கே கொண்டு சேர்ப்பவன் படைப்பை மாற்றவில்லை; படைப்பின் ஒழுங்குக்கு ஊழியம் செய்கிறான்.

“அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடலாமா?” என்பது அடுத்த கேள்வி. கொள்ளை நோய் பரவிய ஷாமுக்குள் நுழையாமல் ஸர்க் என்னுமிடத்திலிருந்து திரும்பிய உமர் (ரலி) அவர்களிடம் இதே கேள்வி கேட்கப்பட்டது. ஒரு விதியிலிருந்து அல்லாஹ்வின் மற்றொரு விதியின் பக்கமே செல்கின்றோம் என்ற கருத்தில் அவர்கள் அளித்த பதில் நமக்கும் போதுமானது. குறையும் விதி, அதற்கு மருந்து இருப்பதும் விதி.

தாமதம் எங்கே பாவமாகிறது?

இங்கே நேயர்கள் ஒரு விஷயத்தை ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறேன். ஆபரேஷன் கூடும் என்பதோடு மஸ்அலா முடிந்துவிடுவதில்லை. எது இப்போது, எது பிறகு என்பதில்தான் பெற்றோரின் பொறுப்பு இருக்கின்றது.

விரைக்கு உடலின் வெப்பத்தைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவான வெப்பம் தேவை. அதனாலேயே படைத்தவன் அதற்கு உடலுக்கு வெளியே ஒரு பையை அமைத்தான். வயிற்றுச் சூட்டிலேயே தங்கிவிடும் விரையில், பிற்காலத்தில் விந்தணுவாக ஆக வேண்டிய மூல அணுக்கள் ஒரு வயதையொட்டிக் குறையத் தொடங்குகின்றன. பிற்காலத்தில் அதில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிட அதிகம். ஸ்வீடன் நாட்டில் இந்த ஆபரேஷன் செய்துகொண்ட சுமார் 17,000 பேரைத் தொடர்ந்து கவனித்து, 2007ல் ஒரு ஆய்வு வெளியிடப்பட்டது. 13 வயதுக்கு முன் செய்துகொண்டவர்களுக்குப் புற்றுநோய் வாய்ப்பு பொதுமக்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு. 13 வயதிலோ அதற்குப் பின்போ செய்துகொண்டவர்களுக்குச் சுமார் ஐந்து மடங்கு. புற்றுநோய் எப்படியும் அபூர்வம்தான். ஆனாலும் தாமதத்துக்கு ஒரு விலை உண்டு என்பதை இது காட்டுகின்றது. அந்த விலையைக் கொடுப்பவன் தாமதித்த தகப்பனல்ல, மகன்!

ஆகவே, ஆறு மாதம் வரை பொறுத்துப் பார்ப்பது, அதற்குமேல் இறங்காவிட்டால் குழந்தைகள் சர்ஜனிடம் காட்டுவது, பதினெட்டு மாதத்துக்குள் ஆபரேஷனை முடிப்பது என்பதே இன்றைய மருத்துவ நெறி. அமெரிக்க சிறுநீரியல் மருத்துவர் சங்கம் 2014ல் வெளியிட்ட நெறிமுறையும் இதையே கூறுகின்றது. முதலில் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று அலைவதோ, ஊசி போட்டு இறக்கப் பார்ப்பதோ தேவையில்லை என்றும் அது சொல்கின்றது. அனுபவமுள்ள சர்ஜனின் கைதான் முதல் பரிசோதனை.

தாய்மார்கள் செய்யக்கூடியது எளிது. குழந்தையை வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டும்போது விரைப்பையின் இரு பக்கமும் நிறைந்திருக்கின்றதா என்று கவனியுங்கள். குளிரில் மேலே ஏறி, சூட்டில் தானே இறங்கும் விரைக்குப் பெரும்பாலும் ஆபரேஷன் வேண்டியதில்லை. ஆண்டுக்கொரு முறை டாக்டர் பார்த்தால் போதும். ஆனால் அரையிடுக்கில் திடீரென வீக்கம் கண்டு, குழந்தை விடாமல் அழுது வாந்தி எடுத்தால் அந்த நேரமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். குடல் சிக்கியிருக்கலாம், விரை முறுக்கிக்கொண்டிருக்கலாம். முறுக்கிய விரைக்குச் சில மணி நேரம்தான் அவகாசம். அங்கே காலையில் பார்க்கலாம் என்பது தவக்குல் அல்ல.

சுன்னத்துக்கு முன் ஒரு எச்சரிக்கை

நம் குடும்பங்களுக்கென்றே ஒரு விஷயம் இதில் உண்டு. சில ஆண் குழந்தைகளுக்குச் சிறுநீர் துவாரம் நுனியில் இல்லாமல் கீழ்ப்புறம் அமைந்திருக்கும். விரை இறங்காத குறையோடு இதுவும் சேர்ந்து வருவதுண்டு. இதைச் சரிசெய்யும் சர்ஜனுக்குப் பெரும்பாலும் முன்தோல்தான் மூலப்பொருள். அவசரப்பட்டுச் சுன்னத் செய்து அத்தோலை வெட்டி எறிந்துவிட்டால், பிறகு ஆபரேஷன் கடினமாகிவிடும். கத்னா செய்வது மார்க்கக் கடமை. ஆனால் ஷாஃபிஈ மத்ஹபில் அது கட்டாயமாவதே பருவ வயதை அடைந்த பிறகுதான். எனவே அதைத் தள்ளி வைப்பதில் எந்தக் குற்றமும் இல்லை. பெரும்பாலும் அந்த ஆபரேஷனிலேயே சுன்னத்தும் நிறைவேறிவிடும். சுன்னத் செய்பவரிடம் பிள்ளையைக் கொடுக்கு முன், துவாரமும் விரைகளும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

இரண்டு விரைகளும் கைக்கு அகப்படாத குழந்தைக்கு, டாக்டர் பரிசோதிக்காமல் சுன்னத் செய்யவே கூடாது. ஏனெனில் பார்வைக்கு ஆணாகத் தோன்றும் அக்குழந்தை உள்ளமைப்பில் பெண்ணாக இருக்கலாம். சிறுநீரகத்தின் மேல் இருக்கும் சுரப்பி பிறவியிலேயே பழுதுபட்டு, ஆண் சுரப்பு மிகுந்து, பெண் குழந்தையின் வெளியுறுப்பு ஆணுறுப்புப் போல் வளர்ந்துவிடும் நோய் ஒன்று உண்டு. அதன் கடுமையான வகையில், பிறந்த முதல் சில வாரங்களுக்குள் உடலிலுள்ள உப்பு வெளியேறி உயிருக்கே ஆபத்து நேரிடும். உரிய மருந்தை உடனே கொடுத்தால் குழந்தை பிழைக்கும். வாழ்நாள் முழுதும் மருந்து உண்டு நலமாக வாழும். இங்கே அவசரம் மருந்துக்குத்தான், கத்திக்கு அல்ல. இந்த வித்தியாசத்தை மனதில் கொள்ளுங்கள். பின்னர் வரும் மஸ்அலா இதன் மீதுதான் நிற்கின்றது.

ஆண் பிள்ளையின் வயிற்றில் கருப்பை

மிக அபூர்வமாக இன்னொன்று நடக்கின்றது. விரை இறங்காத ஆண் குழந்தைக்கு ஆபரேஷன் செய்ய சர்ஜன் வயிற்றைத் திறக்கிறார். உள்ளே சிறு கருப்பையும் குழாய்களும் இருக்கின்றன! 1939ல் நில்சன் என்ற மருத்துவர் இத்தகைய நிலையை எழுதினார். அதன் காரணம் பிற்பாடு விளங்கியது. எல்லாக் கருவிலும் தொடக்கத்தில் ஆண் பாதை, பெண் பாதை இரண்டுக்கும் உரிய குழாய்கள் இருக்கின்றன. ஆண் கருவின் விரையே ஒரு சுரப்பை வெளியிட்டுப் பெண் பாதையைக் கரைத்துவிடுகின்றது. இப்படியொரு பொருள் இருக்க வேண்டும் என்பதை 1947ல் ஆல்ஃபிரட் ஜோஸ்ட் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி முயல் குட்டிகளைக் கொண்டு காட்டினார். அந்தச் சுரப்பு உண்டாகாமலோ, உடல் அதை ஏற்காமலோ போனால் கருப்பை கரையாமல் தங்கிவிடுகின்றது.

ஆபரேஷன் அறையின் வாசலில் இந்தச் செய்தியைக் கேட்கும் தகப்பனுக்குத் தலை சுற்றும். “என் மகன் ஆண்தானா? பெயரை மாற்ற வேண்டுமா? அவனுடைய நிகாஹ், வாரிசுரிமை எல்லாம் என்னாகும்?” என்று கலங்குவார்.

கலங்க வேண்டியதில்லை. அவன் ஆண். அவனுடைய மரபணு ஆணுக்குரியது, வெளியுறுப்பு ஆணுக்குரியது, சிறுநீர் கழிப்பது ஆணைப் போன்றே, பருவத்தில் தாடி மீசை வரும். நம் ஃபிக்ஹு நூல்கள் குன்ஸாவின் நிலையை முடிவு செய்யச் சிறுநீர் வெளியாகும் வழியையும், பருவ அடையாளங்களையும் கவனிக்கச் சொல்கின்றன. அவற்றில் ஒன்றுகூட இங்கே ஐயத்துக்கு இடம் தருவதில்லை. எனவே இவன் ஐயத்துக்குரிய குன்ஸாவே அல்ல. கரைந்திருக்க வேண்டியது கரையாமல் நின்றது, அவ்வளவுதான். அந்தக் கருப்பையை முழுதும் எடுப்பதா, ஒரு பகுதியை விட்டுவைப்பதா என்பதில் சர்ஜன்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. விந்துக்குழாய் அதன் சுவரை ஒட்டியே ஓடுவதால், எடுக்கும்போது அது அறுபடலாம். விட்டுவைத்தால் பிற்காலத்தில் அதில் கட்டி வரலாம். இரு தீங்குகளில் இலேசானதை ஏற்றுப் பெரியதைத் தடுப்பது என்ற விதியின்படி மருத்துவரோடு ஆலோசித்து முடிவு செய்ய வேண்டும்.

இத்தகைய சில நோய்கள், தாயும் தகப்பனும் ஒரே பழுதான மரபணுவைச் சுமக்கும்போது குழந்தையில் வெளிப்படுகின்றன. ஆகவே நெருங்கிய சொந்தத்தில் மணமுடிப்பவர்களிடையே சற்று அதிகம். மாமன் மகளை, மாமி மகளை மணப்பது மார்க்கம் ஆகுமாக்கியது. அதை ஹராமாக்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால் குடும்பத்தில் இப்படிக் குழந்தைகள் பிறந்திருந்தால், சம்பந்தம் பேசு முன் டாக்டரிடம் யோசனை கேட்பது அறிவுடைமை.

ஐயம் தீராத குழந்தை

இனி வருவது மிகக் கடினமான மஸ்அலா. ஆணா பெண்ணா என்று பார்த்தவுடன் தீர்மானிக்க முடியாத குழந்தைகள் அபூர்வமாகப் பிறக்கின்றன. இவர்களுடைய வெளியுறுப்பை உடனே ஏதேனும் ஒரு பக்கமாக வெட்டித் தைத்து ‘முடித்துவிடுவது’ உலகில் பல காலம் வழக்கமாக இருந்தது. பெற்றோரும் அதையே விரும்பினார்கள். ஊர் அறியு முன் காரியம் முடிந்துவிட வேண்டுமே!

நம் இமாம்கள் இந்தக் குழந்தையை எப்படி நடத்தினார்கள் என்று பாருங்கள். ஐயம் தீராத குன்ஸா விஷயத்தில் பருவ அடையாளங்கள் வெளிப்படும் வரை காத்திருக்கச் சொன்னார்கள். அக்குழந்தைக்குச் சொத்து வரும்போது, ஷாஃபிஈ மத்ஹபின்படி, ஆண் என்று கொண்டாலும் பெண் என்று கொண்டாலும் உறுதியாகக் கிடைக்கும் குறைந்த பங்கை ஒவ்வொரு வாரிசுக்கும் கொடுத்துவிட்டு, எஞ்சியதை நிலை தெளிவாகும் வரை நிறுத்தி வைப்பார்கள். சிந்தியுங்கள். கொடுத்தால் திரும்ப வாங்கிக்கொள்ளக்கூடிய பொருளையே ஷரீஅத் காத்திருக்க வைத்தது. வெட்டினால் திரும்ப ஒட்ட முடியாத உறுப்பின் விஷயத்தில் அவசரப்பட அது எப்படிச் சம்மதிக்கும்?

மக்காவிலுள்ள ராபிதாவின் ஃபிக்ஹு சபை 1989ல் தனது பதினோராவது அமர்வில் இது பற்றித் தீர்மானித்தது. முழு ஆணாகவோ முழுப் பெண்ணாகவோ இருப்பவரை மற்ற பாலாக மாற்றுவது கூடாது; இரு அடையாளமும் கலந்து பிறந்தவருக்கு, மேலோங்கி நிற்கும் பாலைக் கவனித்து ஐயத்தை நீக்கும் சிகிச்சை செய்யலாம், அது நோய்க்குச் செய்யும் சிகிச்சையே என்பது அதன் சாரம். சிகிச்சை கூடும் என்ற இத்தீர்மானம், அதைத் தொட்டிலிலேயே செய்தாக வேண்டும் என்று ஆகிவிடாது. மேலோங்கி நிற்பது எது என்று தெளிவாக வேண்டுமே!

நமது தமிழ்நாட்டில் சட்டமும் இதே திசையில் நிற்கின்றது. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் வழங்கிய தீர்ப்பில், இருபால் கூறுகளுடன் பிறந்த சிசுக்களுக்கும் குழந்தைகளுக்கும் பால் நிர்ணய ஆபரேஷன் செய்வதைத் தடை செய்யும்படி உத்தரவிட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் மாநில அரசு ஆணை பிறப்பித்தது. உயிருக்கு ஆபத்தான நிலைக்கு மட்டும் விலக்கு உண்டு. இந்த ஆணை ஆண் குழந்தையின் விரையை இடத்தில் இறக்கி வைக்கும் ஆபரேஷனுக்கு எதிரானதல்ல. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, செய்ய வேண்டிய சிகிச்சையைத் தவிர்ப்பவர்களும் இருக்கக் கூடாது.

பெயரிடுவதும் அகீகாவும் ஏழாம் நாள் சுன்னத்துதான். பரிசோதனை முடிவு வரும் வரை சில நாட்கள் தள்ளிப்போவதில் பாவமில்லை. பரிசோதனையில் மேலோங்கி நிற்கும் நிலையறிந்து பிள்ளையை வளர்க்கலாம். வளர்ப்பதற்குக் கத்தி தேவையில்லை.

எல்லாக் குழந்தையும் இப்படிச் சுலபமாக ஒரு பக்கம் அடங்கிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். சரியாக உருவாகாத விரை வயிற்றுக்குள் இருந்து, அதில் புற்றுநோய் வரும் அபாயம் மிகுந்திருந்தால், எடுத்துவிடுவதே சிகிச்சையாகலாம். சிறுநீர் போகத் தடையிருந்தால் உடனே வழி செய்ய வேண்டும். எது உடலைக் காக்க அவசரம், எது பிறர் கண்ணுக்காக அவசரம் என்பதை நம்பிக்கையும் அனுபவமும் உள்ள டாக்டர்கள் ஒருவருக்கு மேற்பட்டவரிடம் கேட்டறிய வேண்டும். அவர் முஸ்லிமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஹிஜ்ரத்தின்போது நாயகம் (ஸல்) அவர்களுக்கு வழிகாட்டிய அப்துல்லாஹ் இப்னு உரைகித் அந்நேரம் முஸ்லிமாக இருக்கவில்லை. அவருடைய நாணயமும் பாதை பற்றிய அறிவுமே பார்க்கப்பட்டன.

விரையே இல்லாமல் பிறந்தவருக்கு இன்னொருவரின் விரையைப் பொருத்தலாமா என்று கேட்கலாம். 1977ல் அமெரிக்காவில், அவ்வாறு பிறந்த ஒருவருக்கு அவருடைய இரட்டைச் சகோதரரின் விரை பொருத்தப்பட்டது. ஜித்தாவிலுள்ள சர்வதேச ஃபிக்ஹு அகாடமி 1990ல் இதைக் கூடாது என்று தீர்மானித்தது. கொடுத்தவரின் பரம்பரைக் கூறுகள் அந்த உறுப்பின் வழியே தொடர்வதால் வம்சம் கலந்துவிடும் என்பதே காரணம். தோற்றக் குறையை மறைக்கச் செயற்கைப் பொருள் வைப்பது இதில் சேராது.

பெற்றோர் உரிமையாளரா, காவலரா?

இத்தனைக்கும் அடிப்படையான கேள்வி இதுதான்: குழந்தையின் உடல் யாருக்குச் சொந்தம்?

தகப்பனுக்குச் சொந்தமல்ல. குழந்தை அல்லாஹ்வின் அமானிதம். தகப்பன் வலீ, அதாவது பொறுப்பாளன். பொறுப்பாளனின் செயல், பொறுப்பிலுள்ளவரின் நன்மையோடு கட்டுப்பட்டது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி. அநாதைகளின் சொத்தைப் பற்றி அந்நிஸா அத்தியாயம் (4:6) பேசும்போது, அவர்கள் வளர்ந்து கேட்டுவிடுவார்களே என்று அவசர அவசரமாக அதை விழுங்கிவிடுவதை அல்லாஹ் கண்டிக்கின்றான். அவர்கள் தக்க வயதை அடைந்ததும் அவர்கள் கையில் ஒப்படைக்கச் சொல்கின்றான். அதே சமயம், அநாதையின் தோட்டம் நீரின்றிக் காய்வதைப் பார்த்துக்கொண்டு, ‘அவன் பெரியவனாகித் தண்ணீர் விடட்டும்’ என்று இருக்கும் பொறுப்பாளனும் துரோகிதான்.

பிள்ளையின் உடலும் அப்படியே. காத்திருந்தால் கெட்டுப்போவதைக் காத்திருக்க வைப்பது அமானிதத்துக்குச் செய்யும் மோசடி. காத்திருக்கக் கூடியதை அவன் வளர்ந்து கேட்கு முன் அவசரமாக முடிப்பதும் மோசடியே. இறங்காத விரை முதல் வகை. ஐயம் தீராத குழந்தையின் பால் இரண்டாம் வகை.

வியப்பு என்னவென்றால், நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். முன்னதில் தாமதிக்கிறோம், பின்னதில் அவசரப்படுகிறோம். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: “நாலு பேர் என்ன சொல்வார்கள்?” மறைவிடத்துக் குறையை டாக்டரிடம் காட்டினால் வெளியே தெரிந்துவிடுமே என்று தாமதம். ஐயத்துக்குரிய பிள்ளை என்று தெரிந்துவிடுமே என்று அவசரம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அதை மூடுவதற்காக ஒரு சிசுவின் உடலைத் தைப்பதா? நாளை மஹ்ஷரில் அந்தப் பிள்ளை நம் கையைப் பிடித்துக் கேட்கும்போது, நாலு பேரும் உடன் வந்து நிற்கமாட்டார்கள்.

மறைப்பதும் சொல்வதும்

ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைக்கின்றான் என்ற ஹதீதின் கருத்தை அறிவோம். இக்குழந்தையின் விஷயம் அண்டை அயலாருக்கும், கல்யாண வீட்டுப் பேச்சுக்கும் உரியதல்ல. மாமி, சின்னம்மா என்று யாரும் அதைப் பரப்புவது புறமாகும்.

ஆனால் ஒருவரிடம் மட்டும் மறைக்கக் கூடாது. அந்தப் பிள்ளையிடமே! சிறு வயதில் விரை ஆபரேஷன் நடந்ததைப் பல பெற்றோர் மகனிடம் சொல்வதில்லை. பருவமடைந்த பின் அவன் மாதம் ஒருமுறை தானே தடவிப் பார்த்து, கட்டி தென்பட்டால் டாக்டரிடம் காட்ட வேண்டும். தெரியாதவன் எப்படிப் பார்ப்பான்? ஒரு பக்கம் மட்டும் இறங்காதிருந்தவர்கள் பெரும்பாலும் மற்றவர்களைப் போலவே தந்தையாகிறார்கள். இரு பக்கமும் இறங்காதிருந்தவர்களுக்கு அந்த வாய்ப்புக் குறைவு. திருமணம் பேசும் வயதில் இதைத் தெரிந்துகொண்டு, தேவையானால் பரிசோதித்து, பெண் வீட்டாரிடம் நேர்மையாக நடந்துகொள்ளும் கடமை அவனுக்கு உண்டு. நிகாஹில் இத்தகைய குறையை மறைப்பது ஏமாற்றாகும். ஆகவே ஆபரேஷன் காகிதங்களைப் பத்திரப்படுத்தி, புரியும் வயதில் அவனிடம் ஒப்படையுங்கள். அநாதைக்குச் சொத்தை ஒப்படைப்பது போல, இவனுக்கு இவன் உடலின் செய்தியை ஒப்படைப்பதும் அமானிதம்தான்.

மருத்துவம் செய்யலாமா என்று கேட்ட கிராமத்து அரபிகளிடம், முதுமை ஒன்றைத் தவிர அல்லாஹ் மருந்தின்றி எந்த நோயையும் வைக்கவில்லை என்ற கருத்தில் பதிலளித்து, மருத்துவம் செய்துகொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்கள் அருளினார்கள். கேட்டவர்கள் தங்களுக்காகக் கேட்டார்கள். பேச வாயில்லாத பச்சிளம் குழந்தைக்காகக் கேட்க வேண்டியவர்கள் நாம்.

எல்லாம் வல்ல ரஹ்மான், நம் கையில் ஒப்படைத்த அமானிதங்களை அவனுக்குப் பொருத்தமான முறையில் பேணும் தெளிவையும், விரைய வேண்டிய இடத்தில் விரையவும் பொறுக்க வேண்டிய இடத்தில் பொறுக்கவும் தேவையான துணிவையும் நம் வீட்டுத் தாய் தந்தையர் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.